வெள்ளிப் பூச்சுக் கம்பி

நல்ல காபி போடுகிறவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை, இன்ஸ்பெக்டர். வட சுவீடன் குளிரில் அது ஒரு தனி மரியாதை. எலும்பு முறிவுப் பிரிவில் ஆராய்ச்சி நர்ஸ் மேரித், அதாவது நான் என்றால் காபி, இலவங்கப்பட்டை பன், கொஞ்சம் அரட்டை.

எங்கள் டாக்டர் ஆல்கோட்டுக்கு ஒன்பது வருடமாக ஒரே கனவு. உடைந்த காலுக்குள் வைக்கும் உலோகக் கம்பியில் மெல்லிசாக வெள்ளி பூசினால் கிருமி அண்டாது. அதை நிரூபிக்க இருநூறு நோயாளிகள். பாதிப் பேருக்கு வெள்ளி, பாதிப் பேருக்குச் சாதா. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். வரிசை மாறாமல் பிரிப்பது என் வேலை.

உறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிர்யெர் என்ற பெரியவர் பனியில் வழுக்கி விழுந்து வந்தார். சர்க்கரை வியாதி, ஓயாத சிகரெட்; எதை வைத்தாலும் சீழ் பிடிக்கக்கூடிய கால். அவருடைய உறையில் வெள்ளி.

"ஏம்மா மேரித், எனக்கு வெள்ளி உண்டா?"

"சீட்டுல என்ன விழுதோ அதுதான்."

"அப்போ இல்லைன்னே வெச்சுக்கோ. லாட்டரில எனக்கு ஒரு பன்னுகூட விழுந்ததில்ல."

இருவரும் சிரித்தோம். அந்த உறையைக் கட்டின் அடியில் சொருகிவிட்டு, சாதா இருந்த ஒன்றைப் பிரித்தேன். வெள்ளி மறுநாள் வந்த பனிச்சறுக்கு ஆசிரியைக்குப் போனது. இருபத்தெட்டு வயது. துருப்பிடித்த ஆணியை வைத்தாலும் ஆறிவிடும் கால்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிர்யெரின் காலில் சீழ் பிடித்து, முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வெள்ளிப் பக்கம் மொத்தமே ஒருவருக்குத்தான் சீழ். ஆல்கோட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எல்லாம் உன்னாலதான் மேரித்." எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

கம்பி விற்பனைக்கு வந்தது. வெள்ளி இருக்கிறதே என்ற தைரியத்தில் பல ஊர் மருத்துவர்கள் கிருமிக்கொல்லி மருந்தைக் குறைத்தார்கள். இதுவரை பதினோரு கால், இரண்டு உயிர் போயிருக்கிறது என்கிறீர்கள். நான் யார்மீதும் கத்தி வைக்கவில்லை. ஒரு நல்ல மனிதருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். அந்தப் பூச்சு வேலை செய்யும் என்று மனதார நம்பினேன்.

போன பிப்ரவரியில் என் காலும் உடைந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த இளம் டாக்டர் உற்சாகமாகக் கேட்டாள்: "உங்க ஆல்கோட்டோட வெள்ளிக் கம்பியையே வெச்சிடலாமா?"

"வேண்டாம்மா," என்றேன். "எனக்குச் சாதாவே போதும்."