எட்டு நாற்பது வண்டி

டிரைவர்: ...நூத்தி நாப்பத்தி ரெண்டு.

கண்டக்டர்: என்னண்ணே அது?

டிரைவர்: என் கட்டிலுக்கு நேர் மேல, சீலிங்ல இருக்கிற புள்ளி.

கண்டக்டர்: நேத்து போன்ல நூத்தி நாப்பதுன்னுதானே சொன்னீங்க?

டிரைவர்: அதுக்கப்புறம் ரெண்டு கொசு அடிச்சேன்.

கண்டக்டர்: சீலிங்லயா? நீங்க எங்க எழுந்திருச்சீங்க?

டிரைவர்: எழுந்திருக்கல. செருப்பை விட்டெறிஞ்சேன். இடது கால் செருப்பு எட்டு வாரமா சும்மாதானே கிடக்கு.

மனைவி: அது என் செருப்பு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கண்டக்டர்: அண்ணி பக்கத்துலதான் இருக்காங்களா?

டிரைவர்: ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அவ காய் நறுக்கிக்கிட்டே உன்னையும் என்னையும் கேலி பண்ணணுமாம்.

மனைவி: கேலி இல்ல தம்பி. இந்த மனுஷனோட முழு நாளும் வீட்டுல இருந்து பாருங்க, உங்களுக்கே புரியும். நேத்து பிரிட்ஜ் கதவைத் தொறந்து மூடி, தொறந்து மூடி, உள்ள லைட்டு நிஜமாவே அணையுதான்னு சோதனை.

கண்டக்டர்: அணையுதாண்ணே?

டிரைவர்: கதவை மூடிட்டா எப்படிப்பா தெரியும்? அதான் பிரச்சனையே.

கண்டக்டர்: இருபத்திரெண்டு வருஷம் பதினேழாம் நம்பர் வண்டி ஓட்டினவரு. ஒரு கோழி மேல கூட ஏத்தினதில்ல. கடைசில பல்பு மாட்டறேன்னு ஸ்டூல் மேல ஏறி...

டிரைவர்: ஸ்டூலுக்கு பிரேக் இல்ல தம்பி. நான் என்ன பண்றது?

மனைவி: பல்பு இன்னும் மாட்டல. அந்த ரூமுக்குள்ள நான் தடவித் தடவித்தான் போறேன். அடுத்து என் கால்தான்.

கண்டக்டர்: பாப்பா ஏதோ லிஸ்ட் அனுப்பினதா சொன்னீங்களே?

டிரைவர்: ஆமா, ஹாஸ்டல்லேருந்து அனுப்பியிருக்கா. 'வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்கள் சலிப்பைப் போக்க இருபது வழிகள்.' அவ காலேஜ்ல இதைத்தான் படிக்கிறா போலிருக்கு.

கண்டக்டர்: எத்தனாவது வழில இருக்கீங்க?

டிரைவர்: ஒன்பது முடிச்சுட்டேன். மொத வழி, அலமாரியை ஒழுங்குபடுத்துங்க.

மனைவி: என் புடவை எல்லாத்தையும் கலர் வாரியா அடுக்கிட்டாரு. இப்ப எந்த ஜாக்கெட் எதுக்குன்னு எனக்கே தெரியல. அதோட அலமாரிக்குப் பூட்டு போட்டுட்டேன்.

டிரைவர்: ரெண்டாவது, பழைய நண்பனுக்கு போன் பண்ணுங்க. பண்ணினேன். கூடப் படிச்சவன். முப்பது வருஷம் கழிச்சுப் பேசறான், ரெண்டு மணி நேரம் அவனோட மூலத்தைப் பத்தியே சொன்னான். முடிவுல, 'நீ எப்படி இருக்கே'ன்னு கேட்டான். சொல்றதுக்குள்ள சார்ஜ் தீந்துபோச்சு.

கண்டக்டர்: யாருக்கு?

டிரைவர்: ரெண்டு பேருக்கும். மூணாவது, தியானம். கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்கணுமாம்.

மனைவி: குறட்டையை நான் கவனிச்சேன்.

டிரைவர்: நாலாவது, ஓவியம். நம்ம வண்டியை வரைஞ்சேன் தம்பி. கண்ணாடி, வைப்பர், முன்னால பதினேழுன்னு நம்பர், எல்லாம் போட்டு. இவகிட்ட காட்டினா, 'அடுப்பு நல்லா இருக்கு'ங்கறா.

மனைவி: நாலு வட்டம் போட்டா நான் என்னன்னு நினைக்கிறது?

டிரைவர்: அது சக்கரம்!

மனைவி: நாலும் மேல இருந்துச்சே.

கண்டக்டர்: அண்ணி, சிரிக்க வைக்காதீங்க. இடுப்பு வலிக்குது.

டிரைவர்: அட, கேக்கவே மறந்துட்டேன். உன் இடுப்பு எப்படி இருக்கு?

கண்டக்டர்: அது... அப்படியேதான்ணே. புரளவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு.

டிரைவர்: மல்லாந்துதானே படுத்திருக்கே?

கண்டக்டர்: மல்லாந்துதான்.

டிரைவர்: பின்னால என்ன இவ்வளவு இரைச்சல்?

கண்டக்டர்: வாஷிங் மெஷின்ணே.

டிரைவர்: டீசல்லயா ஓடுது?

கண்டக்டர்: ...பழசு.

டிரைவர்: நம்ம வண்டி என்ன ஆச்சு? ஒர்க் ஷாப்லேருந்து வந்து பன்னெண்டு நாள் இருக்குமே.

கண்டக்டர்: டெப்போ மூலைலதான் நிக்குதுண்ணே. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க. யாரும் கை வைக்கல. நீங்க வந்துதான் எடுக்கணும்.

டிரைவர்: நீ படுத்த படுக்கையா இருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?

கண்டக்டர்: ஆள் விட்டுப் பாத்தேன். வியாழக்கிழமைதானேண்ணே உங்களுக்கு டெஸ்ட்டு?

டிரைவர்: ம்.

கண்டக்டர்: டாக்டர் மொதல்ல எது பாப்பாரு?

டிரைவர்: முழங்கால்தான். இடது காலு. கிளச்சு மாதிரி ஒண்ணு வச்சிருக்காராம், அதை மிதிக்கச் சொல்வாரு. முழுசா மடங்கி நீண்டா வண்டி. இல்லைன்னா டெப்போ ஆபீஸ்ல நாற்காலி. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதணும்.

கண்டக்டர்: அதுவும் உத்தியோகம்தானேண்ணே...

டிரைவர்: நாலு காலு இருந்தும் ஒரு இடத்துக்கும் போகாத சாமான் தம்பி அது. அதுல என்னை உக்காரச் சொல்றே.

கண்டக்டர்: மடங்கும்ணே. நீங்க வேற. மணி என்ன ஆச்சு பாருங்க.

டிரைவர்: எட்டு முப்பத்தொன்பது. ஏய், அந்த மூடியைக் குடு.

மனைவி: எதுக்கு? பாத்திரம் அடுப்புல இருக்கு.

டிரைவர்: ஸ்டீரிங் வேணுமே.

மனைவி: நேத்து தாம்பாளத்தை எடுத்தீங்க, முந்தாநேத்து முறத்தை எடுத்தீங்க. இந்தாங்க. சூடா இருக்கு, துணியோட பிடிங்க.

கண்டக்டர்: லிஸ்ட்ல இது எத்தனாவது வழிண்ணே?

டிரைவர்: இது லிஸ்ட்லயே இல்ல. நீ கண்டுபிடிச்சது. போன்லயே பஸ் ஓட்டலாம்ணேன்னு எவனாவது யோசிப்பானா?

கண்டக்டர்: ரெண்டு பேரும் படுத்திருக்கோம், சும்மா எதுக்கு இருக்கணும்னுதான்... ஏறுங்க, ஏறுங்க. படியில நிக்காதீங்க. ரைட்! ஃபுர்ர்ர்ர்!

டிரைவர்: விசிலைக்கூட படுக்கையிலயே வச்சிருக்கியா?

கண்டக்டர்: தலைகாணிக்கு அடியில.

டிரைவர்: எடுத்தாச்சு. டெப்போ வாசல் தாண்டியாச்சு. இடது பக்கம் திரும்பறேன்.

மனைவி: வலது பக்கம் திரும்பாதீங்க, கீழ விழுந்துடுவீங்க.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்... அம்மா, குழந்தைக்கு எத்தனை வயசு? அஞ்சா? மீசை அரும்புதேம்மா.

டிரைவர்: நல்லா பண்றே தம்பி. நேர்ல கேக்கற மாதிரியே இருக்கு.

கண்டக்டர்: பழக்கம்ணே. தண்ணி டேங்க்! தண்ணி டேங்க் இறங்கு!

டிரைவர்: தினமும் இங்க ஏறுற டீச்சர் ஏறியாச்சா?

கண்டக்டர்: இல்லண்ணே. இன்னிக்கு வரல. லீவு போலிருக்கு.

டிரைவர்: நாமளா நினைச்சுக்கிற பஸ்ல டீச்சருக்கு எதுக்குய்யா லீவு? ஏத்து.

கண்டக்டர்: ...சரி. ஏத்திட்டேன்.

டிரைவர்: எங்க உக்காந்திருக்காங்க?

கண்டக்டர்: நிக்கிறாங்கண்ணே. கூட்டம்.

டிரைவர்: இருபத்திரெண்டு வருஷமா நிக்கிற டீச்சரு. இன்னிக்காவது ஒரு சீட்டு குடு.

மனைவி: உங்க வண்டி மார்க்கெட் போகுமா? ரெண்டு கிலோ வெங்காயம் வேணும்.

கண்டக்டர்: அடுத்த ஸ்டாப்தான் அண்ணி. ஆனா நிறுத்தி வாங்க நேரமில்ல, ஏற்கெனவே நாலு நிமிஷம் லேட்டு.

டிரைவர்: லேட்டா? நான் ஓட்டற வண்டி லேட்டா?

கண்டக்டர்: இல்ல... அதாவது... மார்க்கெட்ல லாரி குறுக்க நிக்குதுண்ணே.

டிரைவர்: யாரோ தள்ளுங்க தள்ளுங்கன்னு கத்தறாங்களே?

கண்டக்டர்: டிவிண்ணே. சீரியல். மாமியார் மருமகளைத் தள்ளிவிடறா.

மனைவி: எந்த சீரியல் தம்பி? காலையில எட்டே முக்காலுக்கு?

கண்டக்டர்: மறு ஒளிபரப்பு அண்ணி. ரைட்! போலாம்! ...அண்ணே, ரயில்வே கேட்டு. மூடியிருக்கு.

டிரைவர்: கேட்டை எதுக்கு மூடறே? தொறந்துடு. நம்ம கேட்டுதானே.

கண்டக்டர்: தொறக்க முடியாதுண்ணே. கூட்ஸ் வண்டி வருது.

டிரைவர்: எத்தனை பெட்டி?

கண்டக்டர்: இருங்க, எண்ணிட்டுச் சொல்றேன்... அதாவது, ஒரு நாப்பது வச்சுக்குவோமா?

டிரைவர்: வச்சுக்கோ. எனக்கென்ன அவசரம்? நான் படுத்துக்கிட்டு ஓட்டறேன்.

மனைவி: என்னங்க, கேட்டு மூடியிருக்கும்போதே கேட்டுடறேன். இந்தப் பச்சைக் காகிதத்தை எங்க வைக்கட்டும்? நேத்து டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. காபி கொட்டிடப்போகுது.

டிரைவர்: அலமாரில வை.

கண்டக்டர்: என்ன காகிதம்ணே?

டிரைவர்: மாத்திரைச் சீட்டு.

கண்டக்டர்: பச்சையாவா?

டிரைவர்: பச்சை மாத்திரை.

கண்டக்டர்: நேத்து ஆஸ்பத்திரி போனீங்களா? சொல்லவே இல்ல.

டிரைவர்: ரத்தக்கொதிப்பு பாக்கப் போனேன். நீ பெட்டியை எண்ணு.

மனைவி: ரத்தக்கொதிப்பா? உங்களுக்கா? அது எனக்குத்தான் இருக்கு, அதுவும் இந்த எட்டு வாரமா.

டிரைவர்: நீ காயைப் பாரேன் கொஞ்சம்.

கண்டக்டர்: ...அண்ணே.

டிரைவர்: என்ன?

கண்டக்டர்: ஒண்ணுமில்ல. கேட்டு தொறந்தாச்சு. ரைட்!

டிரைவர்: தண்டவாளம். மெதுவா... மெதுவா... பின் சக்கரமும் ஏறியாச்சு. இனி ஆஸ்பத்திரி வரைக்கும் நேர் ரோடு.

கண்டக்டர்: ஆஸ்பத்திரி இறங்கறவங்க முன்னால வந்துடுங்க. அம்மா, கம்பியைப் பிடிச்சுக்கோ. பெரியவரே, பையை மடியில வச்... ஏய்! ஏய்! ஐயோ—

டிரைவர்: தம்பி?

மனைவி: என்னங்க அது, அவ்வளவு பெரிய சத்தம்?

டிரைவர்: தம்பி! யோவ்! பேசு!

கண்டக்டர்: ...இருக்கேன்ணே. ஒண்ணுமில்ல. கட்டில்லேருந்து விழுந்துட்டேன்.

டிரைவர்: யாருக்காவது அடியா?

கண்டக்டர்: இல்லண்ணே. ஒரு அம்மாவுக்கு மட்டும் முழங்கையில லேசா...

மனைவி: தம்பி, உங்க கட்டில்ல மொத்தம் எத்தனை பேரு?

கண்டக்டர்: அண்ணி... அது வந்து... அண்ணே, நான் என்ன சொல்ல வந்தேன்னா—

டிரைவர்: இரு. மொதல்ல அந்த அம்மா கையை நீட்டி மடக்கச் சொல்லு.

கண்டக்டர்: ...மடக்கறாங்கண்ணே. திட்டவும் செய்யறாங்க.

டிரைவர்: அப்ப நல்லா இருக்காங்க. இனி நான் சொல்றதைக் கேளு. வியாழக்கிழமை டெஸ்ட் இல்ல. நேத்தே வரச்சொல்லி முடிச்சுட்டாங்க.

கண்டக்டர்: மடங்கிச்சா?

டிரைவர்: முக்கால்வாசி மடங்கிச்சு. கிளச்சுக்கு முழுசா வேணுமாம். பேரம் பேசிப் பாத்தேன். சிரிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு.

கண்டக்டர்: அந்தப் பச்சைக் காகிதம்...

டிரைவர்: ஒண்ணாம் தேதியிலேருந்து நாற்காலி.

மனைவி: நேத்து திரும்பி வரும்போது டாக்சில முன் சீட்லதான் உக்காருவேன்னு அடம் தம்பி. காலை நீட்ட இடமில்ல, கேக்கவே இல்ல. வழி முழுக்க அந்த ஆளு எப்ப பிரேக் போடறான்னே பாத்துக்கிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்ததும்தான் அந்த பிரிட்ஜ் கதவு சோதனையே.

கண்டக்டர்: ஏண்ணே என்கிட்ட சொல்லல?

டிரைவர்: சொன்னா, இனிமே எதுக்குன்னு நீ போன் பண்றதை விட்டுடுவே. எட்டு நாப்பதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பத்தாவது வழி, காகிதத்துல பூ செய்யறது.

கண்டக்டர்: அண்ணே... என் இடுப்பு நல்லாதான் இருக்கு.

டிரைவர்: ம்.

கண்டக்டர்: நான் வீட்டுல இல்ல. காதுல போனை மாட்டிக்கிட்டு நம்ம வண்டிலதான் இருக்கேன். தார்ப்பாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒர்க் ஷாப்லேருந்து வந்த மறுநாளே ஒரு புது டிரைவரைப் போட்டுட்டாங்க. உங்க சீட்ல இன்னொருத்தர் உக்காந்திருக்காருன்னு எந்த வாயால சொல்றது? அதான் இடுப்பு, கட்டில், இந்த விளையாட்டு எல்லாம். அண்ணே, கேக்கறீங்களா? வேணும்னா திட்டுங்க. நாய் குறுக்க வந்துடுச்சு, அது தப்பிச்சு ஓடிடுச்சு, அவரு பாவம், ஸ்டீரிங்கை விடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு...

டிரைவர்: நாய் பொழைச்சுதில்ல? அப்ப ஆளு தேறிடுவாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லு, அப்புறம் இதையும் சொல்லு: அந்த வண்டில மூணாவது கியர் நேரா விழாது, லேசா வலப்பக்கம் சாய்ச்சுத் தள்ளணும், பதினோரு நாளா அவரு நேரா குத்தறதைக் கேட்டுக்கிட்டு, வாயைத் தொறக்கவும் முடியாம, இங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்.