எட்டுச்செலவன்று அடித்த சைரன்

“ஹலோ... ஓம், ஓம், அப்ராஸ் தம்பிதானே? நான் ஓர்ஸ் ஹில்லில இருந்து இரத்தினேஸ்வரி கதைக்கிறன்... ஓம், ஹாபரில டக் போட் ஓட்டின கதிரவேல்ற வீடு. வயர் இல்லாத அலாரம் ஒண்டு, பாத்திட்டு வாங்குங்கோ எண்டு பூட்டித் தந்தீங்களெல்லோ... இல்லை, இல்லை, பழுதில்லை. பழுதெண்டு ஆர் சொன்னது?... மகளோ. ம்.”

கனடாவில் இருந்துகொண்டே ஓர்ஸ் ஹில் வீட்டை ஆட்சி செய்கிற மகள் தேனுகா, தன்னைக் கேட்காமலே கடையோடு பேசி முடித்துவிட்டாள் என்பது இரத்தினேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். கணவர் கதிரவேலின் மாலை போட்ட படத்துக்கு நேரெதிரே, ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் அந்த வெள்ளைக் கண் சுவர் மூலையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தம்பி, மகள் சொன்னது பாதிக் கதை. அண்டைக்கு இவற்ற எட்டுச்செலவு... அதுதான், ஆள் செத்து எட்டாம் நாள் செய்யிறது. உங்கட ஆக்களில இல்லை. அவருக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சு, படத்துக்கு முன்னால இலை போட்டுப் படைச்சு, கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியில போயிடவேணும். அவர் வந்து சாப்பிடுவார்... ஓம். ஆரும் பாக்கக்கூடாது. பாத்தா வரமாட்டார்... ஓம், ஓம், நாங்கள் எல்லாரும் வளவில நிண்டனாங்கள். தேனுகா அதை வீடியோவில பாத்துக்கொண்டு இருந்தவள். வீட்டுக்குள்ள ஒருத்தரும் இல்லைத்தானே எண்டு அங்கயிருந்தே அலாரத்தை ஓன் பண்ணிப்போட்டாள்... சிரிக்காதேங்கோ... இல்லை, பரவாயில்லை, எனக்கும் பிறகு சிரிப்பு வந்ததுதான். கொஞ்ச நேரத்தில உள்ளுக்க சைரன் கத்தத் துவங்கிச்சு.”

அன்று அந்தக் கத்தலைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் கள்ளன் கள்ளன் என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் ஒருத்திதான் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“பல்லியோ?... பல்லி இருக்குதுதான்... குத்துவிளக்குச் சூட்டுக்கும் அடிக்குமோ. ம். இருக்கலாம் தம்பி. நீங்கள் படிச்சனீங்கள், நான் மறுக்கேல்ல. ஆனா அவர் வந்ததுக்குத்தான் அடிச்சதெண்டே ஒருக்கா வையுங்கோவன்... கேளுங்கோ, குறுக்க கதைக்காதேங்கோ. பிரச்சினைக் காலத்தில, சண்டை நடக்கேக்க, ஹாபரில சைரன் கேட்டா, இந்த மனுசன் சோத்தில வைச்ச கையை உதறிப்போட்டு ஓடுவார். கப்பலுகளை இழுக்கப் போட்டை எடுக்கவேணுமாம். சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு பின்னால கத்துவன். திரும்பியும் பாக்கமாட்டார்... ஓம். இப்ப விளங்குதோ? அண்டைக்கும் இலையை விட்டு எழும்பித்தான் ஓடியிருப்பார். பாரைமீன் குழம்பில கை படேல்ல. பசியோட போயிட்டார் தம்பி.”

முன்பின் பழகாத கடைக்காரப் பிள்ளையிடம் அழுதுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“லைனில நிக்கிறீங்களோ?... சரி. நாளையிண்டைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் செய்யிறது. திரும்பவும் படைக்கிறம். அதுக்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டாராம், ஐயர் சொல்றார். அதுக்குள்ள இதை மாத்தித் தரவேணும். சைரன் இல்லாத சாமான் இருக்குதோ?... ஓம்... ஓம்... கமரா வேண்டாம். பாக்கக்கூடாதெண்டு இப்பதானே சொன்னனான்... மற்றது?... சத்தம் போடாதோ. போனுக்கு மட்டும் மெசேஜ் வருமோ. என்னெண்டு வரும்?... கூடத்தில் ஆள் நடமாட்டம் எண்டு. தமிழிலயே வருமோ... அப்ப அதையே தாங்கோ. மெசேஜ் மகளுக்குப் போகவேண்டாம். எனக்கு மட்டும் வந்தாக் காணும்.”

சாத்திய கதவுக்கு வெளியே சனத்தோடு சனமாக நின்றுகொண்டு, அவர் வந்துவிட்டார், சாப்பிடுகிறார் என்பதைத் தான் மட்டும் அறிந்துகொள்ளலாம். நினைக்கவே நெஞ்சு இளகியது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நிம்மதி.

“சரி தம்பி, அப்ப நாளைக்கு... என்ன? திரும்பச் சொல்லுங்கோ... ஓம், மெசேஜ் வந்தா உள்ளுக்க ஆள் இருக்குது... வராட்டி?”

பக்கத்தில் கிடந்த கதிரையில் அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

“ஆள் இல்லையெண்டு நிச்சயமா வைச்சுக்கொள்ளலாமோ... ம்... பிழைக்காதோ.”

அப்ராஸ் தன் சாமானின் பெருமையைத்தான் சொன்னான், வியாபாரி வேறென்ன சொல்வான். அவளுக்கோ கண்முன்னே நாளை மறுநாள் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிகிறது. குழம்பு ஆறுகிறது. வளவில் நிற்கும் அவள் கையில் போன் சும்மா கிடக்கிறது. அவளுக்குப் பயம் வந்தது, சைரன் அடித்தபோது கூட வராத பயம்.

“ஹலோ... ஓம், இருக்கிறன். தம்பி, நாளைக்கு வரேக்க இந்தக் கண்ணைக் கழட்டிக்கொண்டு போங்கோ... இல்லை, மாத்தித் தரவேண்டாம். வாசல் கதவுக்கும் குசினிக் கதவுக்கும் மட்டும் அலாரத்தைப் பூட்டி விடுங்கோ. வெளியில இருந்து வாற கள்ளனுக்கு அது காணும். அந்தியேட்டி அண்டைக்கு அதையும் நிப்பாட்டித்தான் வைப்பன்... நல்ல சாமான்தான் தம்பி, குறை சொல்லேல்ல. மகள் கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ... ஏனோ? அவர் வாறாரோ இல்லையோ, அதை ஒரு மிசின் எனக்குச் சொல்லவேண்டாம்... ஓம். ஓம், வைக்கிறன்.”