ஆளை விரட்ட நாலு வரி

அண்ணி: என்னது? இன்னொரு தடவை படி.

கொழுந்தன்: "சூப்பில் உப்பு அதிகம். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது."

அண்ணி: எந்தக் கடை சூப்பு?

கொழுந்தன்: இந்தக் கடைதான், அண்ணி.

அண்ணி: வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன். கையில கத்தி இருக்கு. பார்த்துப் பேசு.

கொழுந்தன்: கோவிச்சுக்காதீங்க. என் ராத்திரி வழிகாட்டிப் புத்தகத்தோட போன பதிப்புல, நீங்க கேட்டீங்கன்னு உங்க கடையை விட்டுட்டேன். இந்தத் தடவை தெருவுல ஒரு கடை விடாம எழுதணும்னு பதிப்பாளர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு.

அண்ணி: அதுக்கு? குடும்ப மானத்தை வாங்கணுமா?

கொழுந்தன்: நல்லா எழுதினா என்ன ஆகுது? பழரசக் கடையை ஆகா ஓகோன்னு எழுதினேன். ஊர் பார்க்க வர்றவங்க படிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துச் சொந்தக்காரர் படிச்சாரு. வாடகையை ஏத்தினாரு. இப்ப அங்க வாசனை மெழுகுவத்தி விக்கிறாங்க.

அண்ணி: ரொட்டிக்கடை அண்ணாச்சியும் காலி பண்ணிட்டுப் போயாச்சு. அங்க இப்ப இருட்டுல உக்காந்து குடிக்கிறாங்களாமே? விலைப்பட்டியல் படிக்க டார்ச் குடுக்கறாங்களாம்!

கொழுந்தன்: ஆமா. அதுக்கு நாலு நட்சத்திரம் போட்டிருக்கேன்.

அண்ணி: நீ போய்ப் பார்த்தியா?

கொழுந்தன்: ...ராத்திரி பத்து மணிக்குத்தான் திறக்கிறாங்க.

அண்ணி: நீதான் ஒன்பதுக்கே போர்த்திப் படுத்துடுவியே! ராத்திரி எங்க ஆடலாம், எங்க பாடலாம்னு ஊருக்கே வழி சொல்ற ஆளு!

கொழுந்தன்: மெதுவா... மெதுவா! ஆட்டம் முடிஞ்சு இங்க சூப்பு குடிக்க வர்றவங்க பேசறதை நீங்க சொல்றீங்க, நான் எழுதறேன். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

அண்ணி: அந்த நன்றிக்குத்தான் உப்பா?

கொழுந்தன்: உங்க கட்டடக்காரர் இந்தப் பக்கமே திரும்பக் கூடாது. அதுக்குத்தான்.

அண்ணி: சரி... ஆனா உப்பு வேண்டாம். ருசி பார்க்காம நான் ஒரு நாளும் அடுப்பை விட்டு இறக்கினதில்ல. வேற ஏதாவது போடு.

கொழுந்தன்: "மீன் புதுசு இல்லை."

அண்ணி: அடி வாங்குவே! விடியறதுக்குள்ள போய், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கறேன். மீன்காரம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

கொழுந்தன்: "தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு."

அண்ணி: தட்டு கழுவறது உங்க அண்ணன். ரெண்டு தடவை வெந்நீர்ல கழுவறாரு. படிச்சா மனுஷன் மூணு நாள் சாப்பிட மாட்டாரு.

கொழுந்தன்: "கடைக்காரம்மா சிடுசிடுப்பானவர்."

அண்ணி: யாரு? யாரு சிடுசிடுப்பு? சொல்லு, யாரு?

கொழுந்தன்: அண்ணி, கத்தி... கத்தி...

அண்ணி: அடுத்தது!

கொழுந்தன்: "நாற்காலி ஆடும்."

அண்ணி: எந்த நாற்காலி?

கொழுந்தன்: நான் உக்காந்திருக்கிறது.

அண்ணி: ...அது தரை சரியில்ல.

கொழுந்தன்: கெஞ்சிக் கேட்கறேன், ஒரே ஒரு குறை குடுங்க! இப்படியே போனா அஞ்சு நட்சத்திரம் போட வேண்டியிருக்கும்.

அண்ணி: போடு.

கொழுந்தன்: விளையாடாதீங்க. வாடகை ஏறிடும்.

அண்ணி: ஏறாது. உள்ளதை உள்ளபடி எழுது.

கொழுந்தன்: எப்படி ஏறாம இருக்கும்?

அண்ணி: காலி பண்ணச் சொல்லிட்டாரு. இந்த மாசம் முடியற வரைக்கும்தான்.

கொழுந்தன்: ...எப்ப சொன்னாரு?

அண்ணி: மூணு வாரம் ஆச்சு.

கொழுந்தன்: மூணு வாரமா? தினம் வந்து சாப்பிட்டுட்டுப் போறேன். ஒரு வார்த்தை சொல்லலையே!

அண்ணி: சொன்னா உனக்குச் சோறு இறங்குமா? பன்னெண்டு வருஷம் இந்த அடுப்புகிட்ட நின்னுட்டேன். போறப்ப எனக்காக நல்லதா நாலு வரி இருக்கட்டும். அவ்வளவுதான்... நானும் ஆசைப்படக் கூடாதா?

கொழுந்தன்: அழாதீங்க, அண்ணி.

அண்ணி: வெங்காயம்.

கொழுந்தன்: அதைத்தான் அப்பவே நறுக்கி முடிச்சுட்டீங்களே...

அண்ணி: வாய் மட்டும் குறையல உனக்கு! அந்தக் கட்டடக்காரர் மாசம் ஒரு தடவை பகல்ல வருவாரு. பகல்ல இங்க ஈ கூட வராது. ராத்திரி வாசல் வரைக்கும் வரிசை நிக்குதுன்னு அவருக்கு யாரு சொன்னதுன்னுதான் தெரியல. எவனோ ஒரு புண்ணியவான்... கையில மட்டும் கிடைச்சான்...

கொழுந்தன்: அண்ணி.

அண்ணி: என்ன?

கொழுந்தன்: கத்தியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க.

அண்ணி: வச்சாச்சு. சொல்லு.

கொழுந்தன்: போன மாசம் புத்தகக் கடையில ஒருத்தர் வந்து என்கிட்ட கையெழுத்துக் கேட்டாரு. என் புத்தகத்துல கையெழுத்துக் கேட்ட முதல் ஆளு அவருதான். எனக்குத் தலை கால் புரியல. இந்தத் தெருவுல எது நல்ல கடைன்னு கேட்டாரு... எங்க அண்ணி கடைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்க, கூட்டம் எப்படி நிக்குதுன்னு தெரியும்னு... நான்தான், அண்ணி. அவரு உங்க கட்டடக்காரர்னு வீட்டுக்குப் போற வழியிலதான் உறைச்சுது. அதான் ஓடி ஓடி குறையா எழுதிட்டு வந்தேன். என்னைத் திட்டுங்க. ஏதாவது பேசுங்க...

அண்ணி: தெரியும், தம்பி. காலி பண்ணச் சொல்ல வந்தப்ப அந்தப் புத்தகத்தைத் திறந்து உன் கையெழுத்தைப் பெருமையாக் காட்டினாரு. நீயா எப்ப வாயைத் திறப்பேன்னுதான் மூணு வாரமா பார்த்துட்டிருந்தேன். உங்க அண்ணன் கழுவி முடிச்சுட்டு வர்றாரு, முகத்தைத் துடை... உன்னாலதான்னு அவருக்குத் தெரியாது, நான் சொல்லல, நீயும் சொல்லாதே.