நானே கம்பைல் பண்றேன், தாரணி

மனித குலத்துக்கு முக்கியமான ஓர் அறிவிப்பு: லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளைப் போட இரண்டு வழிகள் உண்டு. யாரோ கட்டி முடித்து வைத்த பைனரி பேக்கேஜை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். அல்லது சோர்ஸ் என்கிற மூல நிரலை வாங்கி, நம் கணினியிலேயே நாமே கட்டிக்கொள்ளலாம், அதாவது கம்பைல் செய்துகொள்ளலாம். பாக்கெட் மாவுக்கும் வீட்டில் அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் வீட்டில் பாக்கெட் மாவுதான் என்பதை விசாரணைக் குறிப்பில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, மேடம்.

என் பெயர் செந்தில்நாதன். ஹெப்பாளில் இந்த ரத்த வங்கியின் கணினிகளைப் பதினாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். பைனரி எதையும் என் சர்வரில் ஏறவிட்டதில்லை. பரிசோதிக்காத ரத்தத்தை உடம்பில் ஏற்றுவீர்களா என்று கூட்டங்களில் கேட்பேன். டாக்டர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்பதில் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது.

அன்று காலை நான் மேல்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இங்கே கரண்ட் போய் வந்ததில், ரத்தப் பைகளை வைக்கும் பெட்டியின் குளிரைக் கண்காணிக்கும் மென்பொருள் கெட்டுவிட்டது. லேப் டெக்னீஷியன் தாரணி கையேட்டைப் பார்த்து ஒரு வரி தட்டி, பைனரியைப் போட்டுவிட்டார். லேப் டெக்னீஷியன், மேடம்.

இரண்டு மணிக்கு நான் நுழைந்தபோது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒன்பது டிகிரி. ஆறைத் தாண்டக் கூடாது.

"பெட்டி ரிப்பேர் சார். பையெல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம். பாக்கியலட்சுமிக்கு வெச்ச ரெண்டு பையும் அதுலதான் இருக்கு."

பாக்கியலட்சுமி ஹனூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தவர். சுலபத்தில் கிடைக்காத வகை ரத்தம். மறுநாள் ஆபரேஷன்.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்க போட்ட பேக்கேஜ்தான் உளறுது. நானே கம்பைல் பண்றேன், தாரணி."

"தொட்டுப் பாருங்க சார், பை சில்லுன்னே இல்ல."

"உங்க கை என்ன தெர்மாமீட்டரா?"

"கையும் பொய், அலாரமும் பொய். யாரைத்தான் சார் நம்புவீங்க, நீங்களே ஹேளி, சொல்லுங்க."

கேள்வி நியாயமாக இருந்ததால் கீபோர்டுக்குத் திரும்பினேன். அவர் போட்டதை நீக்கினேன். அலாரம் நின்றது. அந்த அமைதியை நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். திறந்தால்தான் சூடு ஏறும் என்று சொல்லி, பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தாரணி டாக்டருக்குப் போன் செய்தார். "அதான் செந்தில் இருக்கார்ல, விடும்மா" என்றாராம். பதினாலு வருடத் தலையாட்டலின் பலன்.

ஐந்து மணி நேரம் திரையில் வரிகள் ஓடின. பார்க்க மிக அழகாக இருக்கும். தாரணி இரண்டு முறை வந்து சாவி கேட்டார். இரண்டு முறையும் பைனரியின் அபாயங்களை விளக்கினேன்.

ஏழு மணிக்குத் திரை பதினாறு டிகிரி என்றது. எண்பத்தொரு பைகளையும் கழித்துக்கட்டினோம். அந்த வகை ரத்தம் வெளியூரிலிருந்து மறுநாள் மதியம் வந்து சேர்ந்தது. பாக்கியலட்சுமிக்கு விடியற்காலையே வலி எடுத்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது.

பைனரிதான் காரணம் என்று அறிக்கை எழுதினேன். தாரணியை வேலையை விட்டு அனுப்பினார்கள். கொள்கையளவில் நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், மேடம். ஏழு மணிக்குத் திரையில் ஓடியது நான் கட்டியது அல்ல. என்னுடையது ஆறே முக்காலுக்குப் பிழை காட்டி நின்றுவிட்டது. தாரணி போட்ட அதே பேக்கேஜைத்தான் நானும் இறக்கினேன்.