அட்டையைப் பார்த்து வந்தவன்

செம்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டிருந்தார். மடியில் இருந்த பிரதியின் அட்டையில் அவர் முகம், சுற்றிலும் பூ வளையம்.

“அட்டையப் பாத்துட்டு நான் செத்துட்டேன்னு மாலையோட வந்துட்டான்.”

“யாருக்கா?”

“பெரிய தம்பி. வீட்டுச் சண்டையில ரெண்டு தம்பிகளும் என்கூடப் பேசுறதில்லையே. கதவத் தொறந்தது நானு. மாலைய என்ன செய்யன்னு தெரியாம அழுதுக்கிட்டு நிக்கிறான்.”

“அப்புறம்?”

“வாங்கி மாதா படத்துக்குப் போட்டேன். உக்கார வச்சுச் சோறு போட்டேன். கொழம்பு கேட்டு வாங்கிச் சாப்ட்டான். ஆண்டவருக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“அடுத்து அச்சடிக்கிறப்ப அட்டைய மாத்திருங்கக்கா.”

அவர் அந்த அட்டையை முந்தானையால் துடைத்தார்.

“மாத்த மாட்டேன். சின்னவன் இன்னும் வரல.”