இணைப்பு இருக்குன்னு சொன்ன வரி

இல்ல மேடம், என் ஃபைல் இல்ல. என் தம்பி ஃபைல். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கீழ மெஷின் ரூம்ல வேலை பாத்தான். நீங்க இந்த ஹெச்.ஆர். சீட்டுக்கு வந்தே நாலு மாசந்தான ஆகுது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கழுத்துல எப்பவும் கேபிளச் சுத்திக்கிட்டுத் திரிவான், அதனால எல்லாரும் ஒயருன்னுதான் கூப்பிடுவாங்க.

கடைசிப் பக்கத்தப் பாருங்க. விசாரணை முடிவுன்னு இருக்கா? அதுக்குக் கீழ. தன் தவறை மறைக்கப் பொய் சொன்னார். ஆங், அதான். அந்த வரிய எடுக்கணும்.

சொல்றேன். கொஞ்சம் நேரம் இருக்கில்ல? நான் மூணாவது மாடி, டிரைவர் டீம். சிரிக்காதீங்க, எங்கம்மாவே ரொம்ப நாளா நான் ஏதோ வண்டி ஓட்டுறேன்னு நெனச்சு, பாத்துப் போடி, பாத்துப் போடின்னு அனுப்பிட்டிருந்தாங்க. அதில்ல மேடம். நம்ம கிட்ட ஒரு பெரிய மெஷினுக்குள்ள இருபது முப்பது மெஷின் இருக்கற மாதிரி ஓடுதில்ல, விர்ச்சுவல் மெஷின்? நெஜமா இருக்கறது ஒண்ணு, மத்ததெல்லாம் பாவனை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு, அதுவும் பாவனை. அதுல இணைப்பு இருக்கா இல்லையான்னு கீழ இருக்கற நெஜ மெஷின்கிட்ட கேட்டு மேல சொல்லணும். அதச் சொல்ற சின்ன புரோகிராம்தான் டிரைவர். இணைப்பு போச்சுன்னு அது சொன்னாத்தான் மெஷின் வேற வழிக்கு மாறும், ஸ்கிரீன்ல செவப்பு விழும்.

அன்னைக்கு செவப்பு விழல. ரத்தப் பரிசோதனை பண்ற ஒரு லேப், நம்ம கஸ்டமர். காலைல பத்து மணியிலருந்து அவங்க ரிசல்ட் எதுவும் ஆஸ்பத்திரிங்களுக்குப் போகல. ஸ்கிரீனப் பாத்தா எல்லாம் பச்சை. இவன் கீழ இருந்து போன் பண்றான், நெட்வொர்க் சுவிட்ச்ல கேபிள் பின் உடைஞ்சு கழண்டு கெடக்கு சார்னு. மேனேஜர் பச்சையத்தான் நம்புனாரு. போய் வேலையப் பாருடான்னுட்டாரு. ஒரு மணிக்கு யாரோ நேர்ல போய்ப் பாத்தா, இவன் சொன்ன மாதிரியே பின் உடைஞ்சிருக்கு. ஆனா பதிவுல நாள் பூரா இணைப்பு இருக்குன்னே இருக்கே? அப்ப என்ன முடிவு பண்ணுவாங்க? செட்டிங்ஸ்ல நீ எதையோ கெடுத்துட்ட, அத மறைக்க நீயே பின்ன ஒடச்சிட்டன்னாங்க.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டாங்க. அக்கான்னு இல்ல, டிரைவர் தெரிஞ்ச ஆளுன்னு. இந்த ஸ்கிரீன் தப்பாக் காட்ட வாய்ப்பிருக்காம்மான்னு கேட்டாங்க.

வாய்ப்பே இல்ல சார்னேன்.

அவன் எதிர்லதான் உக்காந்திருந்தான். வீட்டுக்கு வந்து நானே கேட்டேன், ஏண்டா, தெரியாம நடந்து போச்சுன்னு ஒத்துக்கிட்டிருந்தா ஒரு வார்னிங்கோட விட்டிருப்பாங்களேடான்னு. விடுக்கான்னான். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கும் வேலை போயிருந்த நேரம், அம்மாவும் எங்கூட. குழந்தையத் தூக்கி வச்சிக்கிட்டு, உங்கம்மா ரொம்பக் கத்துறாடின்னு அதுகிட்ட சொல்லிட்டிருந்தான்.

இங்க வேலைய விட்டுத் தூக்குனதுக்கப்புறம் எங்கயும் வேலை அமையல. இன்டர்வியூ நல்லாப் போகும், ஒரு வாரம் சந்தோஷமா இருப்பான். அப்புறம் அவங்க இங்க போன் போட்டு விசாரிப்பாங்க. இந்தப் பக்கத்த வாசிச்சுக் காட்டிருப்பாங்க, வேறென்ன? பார்சல் கொண்டுபோய்க் குடுக்கற வேலைக்குப் போனான். எங்க ஆபீஸ் பார்சல் வந்தா மட்டும் வேற ஆள்கிட்ட மாத்தி விட்ருவான்.

போன மாசந்தான் அந்த டிரைவர் புரோகிராமத் தொறந்து பாத்தேன் மேடம். டிரைவர் கீழ கேக்கவே இல்ல. யாரு கேட்டாலும் இணைப்பு இருக்கு, இணைப்பு இருக்கு. அவ்ளோதான். ஒரே ஒரு வரி. கீழ்ப்பகுதி அப்ப தயாராகல, வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும், சும்மா இருக்குன்னு எழுதிட்டு, பக்கத்துல பிறகு சரிசெய்யணும்னு ஒரு குறிப்பு. அந்தப் பிறகு வரவே இல்ல.

யாரா? நான்தான்.

சரி பண்ணிட்டேன். இப்ப நெஜமாக் கேக்குது. கழண்டா கழண்ட நிமிஷமே மேல சொல்லும். கீழருந்து பதில் வரலன்னா இருக்குன்னு அடிச்சு விடாது, தெரியலன்னு சொல்லும். நாப்பது தடவ கேபிளப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தேன். நாப்பது தடவையும் செவப்பு. பக்கத்து சீட்டுப் பையன் கைதட்றான், நான் பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன்.

இந்தாங்க, டீம் தலைவர் லெட்டர். அன்னைக்குத் தப்பு டிரைவர்ல, ஊழியர் சொன்னது உண்மைன்னு எழுதி சைன் போட்டிருக்காரு. எம்மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரின்னு நானும் தனியா எழுதிருக்கேன். இது போதுமில்ல, அந்த வரிய அடிக்க?

ஃபாரமா? குடுங்க. எங்க... சம்பந்தப்பட்டவர் கையெழுத்தா?

அவனால போட முடியாது மேடம்.

வெளியூர்லாம் இல்ல. போயிட்டான். நாப்பது நாளாச்சு. பார்சல் குடுக்கப் போன எடத்துல, மாடிப்படியில, நெஞ்சு வலி. முப்பத்தி மூணு வயசு.

இல்ல இல்ல, தண்ணியெல்லாம் வேணாம், உக்காருங்க. நானே போடலாமா? அக்கான்னு எழுதிப் போடட்டுமா? சரி.

இல்ல, அவன் இருக்கறப்ப எனக்குத் தெரியாது. அவன் பெட்டிய ஒதுங்க வைக்கறப்பத்தான் இந்தப் பேப்பர் கெடச்சது. இதப் பாத்துட்டுத்தான் புரோகிராமையே தொறந்தேன். அந்த புரோகிராமத்தான் பிரின்ட் எடுத்திருக்கான். இணைப்பு இருக்குங்கற அந்த வரியச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டிருக்கான். ஓரத்துல இருக்கறது என் பேரு, யார் எழுதுனாங்கன்னு தானா வரும். அடியில தேதி பாருங்க. எட்டு. விசாரணை அதே மாசம் ஒன்பதாம் தேதி மேடம்.

நாலா மடிச்ச தடம் தெரியுதா? அன்னைக்கு அந்த ரூம்ல அவன் சட்டைப் பை மேல வச்ச கைய எடுக்கவே இல்ல. பயத்துல நெஞ்சப் புடிச்சிட்டிருக்கான்னு நெனச்சேன்.