தோழர் மணவாளனும் கறுப்புப் பட்டையும்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் தோழர் ஆதிநாராயணன் அவர்களே, போதகர் இம்மானுவேல் அவர்களே, ஷிப்ட் முடித்துக் குளிக்கக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் சகோதரி, மணவாளனின் துணைவியார் குப்பம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் சினிமா வட்டத் தலைவர் இந்தத் தணிகாசலத்தின் வணக்கம்.

இப்படி ஒரு கூட்டம் என்றால் நாற்காலி போடுவது யார்? மைக் கேட்கிறதா என்று கடைசி வரிசையில் போய் நின்று பார்ப்பது யார்? எல்லாம் மணவாளன்! இன்றைக்கு அந்த வேலையை ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு செய்தோம். அப்படியும் மைக் கரகரக்கிறது பாருங்கள். போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர், சட்டையைக் கழற்றுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இது போகிற வயதா தோழர்களே?

நம் உருக்காலையில் கிரேன் ஓட்டுநர் மணவாளன். கும்மிடிப்பூண்டி தொழிலாளர் சினிமா வட்டத்தின் செயலாளர் மணவாளன். இரண்டில் எதைச் சொன்னால் அவர் முகம் மலரும் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இதே மன்றத்தில், இதோ இந்தச் சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் ஊர் உலகத்துப் படத்தையெல்லாம் நமக்குப் போட்டுக் காட்டினவர். இன்று அதே சுவருக்குப் பக்கத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே மனசு வரவில்லை.

அவர் நம்மோடு போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா? படம் தொடங்கினதும் டிவியில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை தெரியும். உடனே நம் ஆட்கள் கத்துவார்கள். "யோவ், பாதி டிவி கறுப்பா கீது, ஃபுல்லா வைய்யா!" டிவி முழுக்கப் படம் தெரியாவிட்டால் நமக்கு ஏமாந்துபோன மாதிரி இருக்கும். ஜூம் பட்டனை அமுக்கினால் படம் பெருத்துப் பட்டை மறைந்துவிடும். ஆனால் பெருத்த படத்தில் ஓரத்தில் நிற்கிறவன் என்ன ஆவான்? டிவிக்கு வெளியே போய்விடுவான்! அதனால்தான் மணவாளன் ரிமோட்டை யாரிடமும் கொடுக்கமாட்டார். "இன்னாத்துக்குப்பா இவ்ளோ பிடிவாதம்?" என்று நானே அவரைக் கோபித்திருக்கிறேன்.

ஏன் அந்தப் பிடிவாதம்? புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்று அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் நம் ஆலை ஷெட்டில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து படம் பிடித்தது. பெரிய திரைத் தியேட்டருக்கென்று பெரிய கேமரா கொண்டுவந்து, ஷெட் காட்சிகளை மட்டும் நல்ல உயரமாக எடுத்தார்கள். தொழிலாளர் கூட்டமாக நடித்தது யார்? நாம்தான்! நான் கீழே நின்றேன். என் முதுகு படத்தில் வந்திருக்கிறது. நம் லோகு, ரோலிங் பிரிவு லோகு, கிரேனை ஒட்டின மேல் நடைபாதையில் நின்றான். மணவாளன் கிரேன் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

படம் நம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. லோகு மனைவி ஈஸ்வரியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தான். என்ன தெரிந்தது? கால்! முழங்காலுக்குக் கீழே பேன்ட்டும் பூட்ஸும்தான் தெரிந்தது! நம் தியேட்டர்த் திரை அகலம், உயரம் குறைவு. எடுத்த படத்தில் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு நடுப்பகுதியைத்தான் நமக்கு அனுப்பியிருந்தார்கள். லோகுவே விழுந்து விழுந்து சிரித்தான். "கால் நடிகர்" என்று பட்டம் கட்டினோம். அடுத்த மாதமே கவரைப்பேட்டை அருகில் அவன் பைக் மீது லாரி ஏறியது. முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று ஈஸ்வரியை நாங்கள் தடுத்துவிட்டோம். துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். தாங்குகிற மாதிரியா இருந்தது அந்த முகம்?

பிறகு அந்தப் படம் வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக வந்தது. மணவாளன் வாங்கிவந்து தன் வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தார். படம் பட்டையோடுதான் ஓடுகிறது. ஷெட் காட்சி வந்ததும் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் விலகி, டிவி முழுக்கப் படம் திறந்துகொள்கிறது. மேலே லோகு! தலைமுதல் கால்வரை லோகு! சிரித்துக்கொண்டு நிற்கிறான்! மணவாளன் அப்போதே எனக்குப் போன் போட்டு அழுதார். "தலைவரே, ஆளு முழுசா கீறான் தலைவரே. ஈஸ்வரியக் கூட்டினு வாங்க, மன்றத்துல எல்லார் முன்னாடியும் போடலாம்."

போட்டோம். மன்றம் நிரம்பிவிட்டது. ஈஸ்வரி மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். படம் தொடங்கியது, பட்டை வந்தது, நம் ஆட்கள் வழக்கம்போலக் கத்தினார்கள். நல்ல நாள், அந்தப் பெண் முன்னால் படம் பெரிதாகத் தெரியட்டுமே என்று மணவாளன் தன் கையாலேயே ஜூமை அமுக்கினார். பட்டை போயிற்று. எல்லோரும் கை தட்டினோம். அப்புறம் ஷெட் காட்சி வந்தது. உயரமாகத் திறந்துகொள்ள வேண்டிய படம் ஜூமில் மேலே வெட்டுப்பட்டு நின்றது. திரும்பவும் கால்! அதே பேன்ட், அதே பூட்ஸ்! கம்பெனி வெட்டியதை இந்தமுறை நாமே வெட்டினோம்!

ஈஸ்வரி எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "இன்னாண்ணா, இதுக்கா கூட்டினு வந்தே? காலத்தான் தியேட்டர்லயே பாத்துட்டேனே. மூஞ்சி எங்கண்ணா?" என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மணவாளன் கேட்வரை ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணவாளன் திரும்பி வந்து டிஸ்க்கை வெளியே எடுத்தார். சரியாக வைத்து எங்களுக்காவது போடுங்கள் என்றோம். "அந்தப் பொண்ணு பாக்காம இத நான் யாருக்கும் போடமாட்டேன் தலைவரே" என்றார். தன் வீட்டில்கூட அவர் அதைத் திரும்பப் போடவில்லை.

எத்தனை முறை ஈஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்றார்! "இன்னொரு தபா காலப் பாக்கற தெம்பு எனக்கு இல்லண்ணா, வுட்டுடு" என்று அவள் கதவைச் சாத்தினாள். அவள்மேல் என்ன தப்பு? செல்போனில் அந்தப் படம் வந்தது. அவள் கையிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதைத் தேடிப் பார்த்தார். அதில் முழுப்படமும் ஒரே பட்டை! படம் பெரிதாகிச் சிறிதாகிக் கண்ணை உறுத்துகிறது என்று வீட்டில் பார்த்தவர்கள் புகார் சொன்னார்களாம், ஒரே அளவாக வெட்டிவிட்டார்களாம். ரயிலேறிச் சென்னைக்குப் போய் அந்தக் கம்பெனி ஆபீஸில் கேட்டார். "சார், அந்த டிஃபெக்ட்டை சரிபண்ணிட்டோம் சார்" என்றாள் அங்கே இருந்த பெண். மணவாளன் சொன்னாராம், "எம்மா, நீங்க சரிபண்ணதுல ஒரு ஆளு பூட்டாரும்மா." அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்! தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து அனுப்பிவிட்டாள்.

இந்த ஏக்கத்தோடுதான் தோழர்களே அவர் போனார். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

துக்க வீட்டுக்கு ஈஸ்வரி வந்தாள். குப்பம்மாள் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது என்னிடம், "அண்ணன் அஞ்சலி கூட்டத்துல அந்தப் படத்தப் போடுங்கண்ணா, நான் வரேன்" என்றாள். இதோ, மகளோடு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள் அந்தக் குழந்தை. அப்பா சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

இந்தமுறை தப்பு நடக்கக்கூடாது என்று நேற்று நானும் குப்பம்மாளும் இந்த டிவியில் அந்த ஒரு காட்சியை மட்டும் போட்டுச் சரிபார்த்தோம். ஈஸ்வரி, மன்னித்துக்கொள் அம்மா, உனக்கு முன்னால் நாங்கள் பார்த்துவிட்டோம். பட்டை விலகியது. மேல் நடைபாதையில் லோகு நிற்கிறான், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. அவன் தனியாக இல்லை. அவன் தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொருவர் நிற்கிறார். கேபினை விட்டு எப்போது இறங்கிவந்தாரோ தெரியாது; லோகு காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் இருந்ததை நாம் யாருமே கவனிக்கவில்லை. மணவாளன்!

குப்பம்மாள் டிவி கிட்டே போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். "இவரும் கீறாரா? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். யாரிடம்தான் சொன்னார்? லோகு இருக்கிறான், லோகு முகம் இருக்கிறது என்று ஊரெல்லாம் அலைந்தாரே, நானும் இருக்கிறேன் என்று ஒருநாள், ஒரே ஒருநாள் சொன்னாரா?

தோழர் மணவாளன் அவர்களே! உங்கள் சினிமா வட்டம் நிற்காது. ஞாயிறுதோறும் படம் ஓடும், பட்டையோடுதான் ஓடும். அந்தக் கம்பெனி வாசலுக்கு இனி நாங்கள் போவோம். உயரமாக எடுத்ததை உயரமாகவே கொடு, எங்கள் ஆட்களை எங்களுக்குக் கொடு என்று கேட்போம், கொடுக்கிறவரை கேட்போம்! இது நாங்கள் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஈஸ்வரி, பின்னால் உட்காராதே அம்மா. மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் வா, குப்பம்மாள் பக்கத்தில் உட்கார். அங்கே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள்.

விளக்கை அணையுங்கள்.